ஈரக்குச்சியின் எட்டுப் பாட்டுகள்

கோவில்பட்டி,
வியாழக்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை பூவனலிங்கம் அவர்களுக்கு, அத்தான் ஆறுமுகசாமி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அக்கா பேபியும் சுகம். திருப்பூரில் நீங்களும் தங்கச்சி சுதாராணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். மகள் சுகுணா விஷயமாக எழுதுகிறேன். போனில் பேசினால் உங்கள் அக்கா பக்கத்தில் நின்று திருத்திக்கொண்டே இருப்பாள்.

நீங்கள் வாங்கிக் கொடுத்த கிட்டாரை வைத்து அவள் மூன்று தோழிகளோடு பங்க் ராக் பேண்ட் ஆரம்பித்ததும், தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிறவன் மகளாக இருந்துகொண்டு அதற்கு 'ஈரக்குச்சி' என்று பெயர் வைத்ததும் உங்களுக்குத் தெரியும். பங்க் ராக் என்றால் இருக்கிற கோபத்தை இரண்டு நிமிடத்தில் கத்தி முடிப்பது என்று அவளே சொன்னாள். எட்டுப் பாட்டு ஆல்பம் ஒன்றை நம் ஆபீஸ் குடோனில் பதிவு செய்தார்கள். முதல் பாட்டு, அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் தின்ற மிக்சரைப் பற்றியது. சுவரே அதிர்ந்தது. கொஞ்சம் குறைத்துப் பாடச் சொன்னேன். "சரிப்பா" என்றாள். மூன்றாவது பாட்டில் சத்தம் குறைந்தது. தோழி மாரிசெல்வியின் டிரம்ஸைக் குறைக்கச் சொன்னேன், அதற்கும் "சரிப்பா." நாலாவதில் வார்த்தைகள் புரிய ஆரம்பித்தன, அதனால் லாபம் இல்லை, பாட்டு என் மீசைக்கு அடிக்கும் டையைப் பற்றியது. அதையும் மாற்றச் சொன்னேன். ஆறாவதில் எங்கிருந்தோ புல்லாங்குழல் வந்தது. எட்டாவது தாலாட்டு மாதிரியே ஆகிவிட்டது.

குடோன் சுவரை ஒட்டித்தான் பெட்டியில் குச்சி அடைக்கும் பெண்கள் உட்காருகிறார்கள். முதல் பாட்டின் வேகத்துக்கு அவர்கள் கை பழகி, வேலை ஒரு மணி நேரம் முன்னாலேயே முடிந்துகொண்டிருந்தது. எட்டாவது பாட்டுக்கு இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். அந்தப் பெண்களில் மூத்தவரான பார்வதியம்மாள் நேரே என்னிடம் வந்தார்.

"அண்ணாச்சி, பாப்பாவ பழையபடி கத்தச் சொல்லுங்க. இந்தப் பாட்டுக்குக் கை ஓடமாட்டேங்கு."

"நான்தாம்மா குறைக்கச் சொன்னேன்."

"நீங்க எதுக்குச் சொன்னீய? அது நல்லாத்தான கத்திக்கிட்டு இருந்துச்சி."

அதுகூடப் பரவாயில்லை. இப்போது எதைச் சொன்னாலும் "சரிப்பா" என்கிறாள். கிட்டாரை மச்சில் போட்டுவிடவா என்று சோதித்துப் பார்த்தேன். "சரிப்பா." ஆத்தூர் வரனை வரச் சொல்லவா என்றேன். அதற்கும் "சரிப்பா." அடுத்த மாதம் அவர்களை வரச் சொல்லியும் விட்டேன். மாப்பிள்ளை, எனக்குப் பயமாக இருக்கிறது. ஊசி போட வந்த டாக்டரிடம் மூன்று வயதிலேயே சண்டை பிடித்த பெண் இவள். பாட்டைக் குறை குறை என்று சொல்லிப் பிள்ளையையே குறைத்துவிட்டேன். நீங்கள் சொன்னால் கேட்பாள். இந்த மாதக் கடைசிக்குள் வந்து, ஒன்பதாவதாக ஒரு பாட்டாவது கத்திப் பாடச் சொல்லுங்கள். மீசையைப் பற்றியே இருந்தாலும் சம்மதம்.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, தீர்க்காயுசாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்
ஆறுமுகசாமி

பின்குறிப்பு: ஆபீஸ் மேஜையில் இதை வைத்துவிட்டு டீ குடித்து வருவதற்குள் சுகுணா எடுத்துப் படித்துவிட்டாள். முடியை ஒதுக்கிக் காதிலிருந்து பாட்டுக் கேட்கும் இரண்டு குமிழ்களைக் கழற்றினாள். பதிவு சரியாக வந்திருக்கிறதா என்று இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டே இருந்தாளாம்.

"நீங்க பேசுனது ஒண்ணுமே எனக்குக் கேக்கலப்பா. உங்க வாய் அசைஞ்சா சரின்னுருவேன். பாட்ட நாங்களாத்தான் மாத்துனோம், கத்திக் கத்தி எங்களுக்கே சலிச்சிப்போச்சி. அது கெடக்கட்டும், ஆத்தூர்க்காரங்கள யாரக் கேட்டு வரச் சொன்னீய?"

அங்கே ஆரம்பித்தவள் இன்னும் முடிக்கவில்லை. பக்கத்துக் கட்டிடத்துக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்குகிறது, அதையும் பார்த்துவிட்டு இன்னும் கத்துகிறாள். ஆகவே நீங்கள் வர வேண்டாம். ஆத்தூர்க்காரர்களுக்கு மட்டும் போன் போட்டு, அவர்களும் வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இந்தச் சத்தத்தில் என்னால் பேச முடியாது.