நிற்கக் கூடாத கார்

காலை எட்டு மணி நான்கு நிமிடத்துக்கு நான் காரின் சாவியைத் திருப்பி வெளியே எடுத்தேன். கார் அதைக் கவனிக்கவில்லை. சாவி என் உள்ளங்கையில் இருந்தது. எஞ்சின் தன்பாட்டில் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. இடம், கொட்டாஞ்சேனையில் மகளின் பாடசாலை. எனக்கு வலப்பக்கம் ஆறடி தூரத்தில் ஒரு திறந்த ஜன்னல். ஜன்னலுக்கு உள்ளே உயர்தரப் பரீட்சை மண்டபம். எட்டரைக்குப் பௌதிகவியல் வினாத்தாள்.

இதை எழுதும்போதும் இடையிடையே எழும்பிப் போய், எஞ்சின் ஓடுகிறதா என்று காதுகொடுத்துவிட்டு வருகிறேன். (தேநீர் போட என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன்.)

நான் ஒரு விஞ்ஞான ஆசிரியை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. இருபத்திரண்டு வருடமாக வெள்ளவத்தையில் பிள்ளைகளுக்கு மின்சுற்று படிப்பித்து வருகிறேன். சுவிட்ச் ஆளியை மூடினால் மின்குமிழ் எரியும், திறந்தால் அணையும் என்று கரும்பலகையில் நான் கீறிய படங்களை வரிசையாக வைத்தால் காலி வீதி முழுக்கப் போகும்.

எங்கள் கார் பழைய டீசல் கார், ஓட்டோ கியர், மகள் நிலானியைவிட ஆறு வயது மூத்தது. என் கணவருடைய சித்தப்பா கனடாவுக்குப் போகும்போது தந்துவிட்டுப் போனது. (சித்தப்பா அதற்குப் பிறகு எங்களோடு அதிகம் கதைப்பதில்லை. அவருக்கும் மனச்சாட்சி இருக்கும்தானே.) பரீட்சைக்கு மூன்று நாள் இருக்கும்போது சாவிக்குப் பின்னால் இருக்கும் ஸ்டார்ட்டர் சுவிட்ச் பழுதாகியது. பத்துத் தடவை திருப்பினால் ஒரு தடவை ஸ்டார்ட் ஆகும். அப்படி ஆனாலும், சாவி கொஞ்சம் ஆடினால் நடுவீதியில் நின்றுவிடும்.

மருதானையில் எங்கள் காரைப் பார்க்கும் மெக்கானிக் சுனில் பாஸ் ஊருக்குப் போயிருந்தார். போனில் பிடித்தேன்.

"மிஸ், நான் வியாழக்கிழமை தானே வாறது. அதுவரைக்கும் நீங்க கை வைக்க வேணாம்."

பரீட்சை திங்கட்கிழமை. ஓட்டோவில் போகலாம் என்றால், நிலானி இரண்டு வாரத்துக்கு முன் மாடிப்படியில் விழுந்து, தொடைவரை பிளாஸ்டர் போட்டிருந்தாள். நீட்டிய காலோடு ஓட்டோவில் ஏற்றினால் கால் பக்கத்து வாகனத்துக்குள் போகும்.

"போன்ல ஒரு காரைக் கூப்பிடுவமே?" என்றார் இவர்.

"கடைசி நிமிசத்தில அவன் கான்சல் பண்ணினால்? பிள்ளையின்ர எதிர்காலத்தை ஒரு டிரைவர்ட கையில விடச் சொல்றீங்களோ?"

"இல்லை, நான் சும்மா சொன்னனான்."

இவர் சும்மா சொல்கிறவற்றை நான் கேட்டு நடந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

ஞாயிறு பின்னேரம் டாஷ்போர்டுக்குக் கீழே தலையைவிட்டு, கால்களை முன்சீட்டில் போட்டு, வௌவால் மாதிரிக் கிடந்தேன். வீட்டில் மிஞ்சியிருந்த ஒரு கோலிங் பெல் சுவிட்ச், ஒரு துண்டு வயர், இருபத்திரண்டு வருட அனுபவம். பற்றரியிலிருந்து வரும் வயரை பெல் சுவிட்ச் வழியாக ஸ்டார்ட்டர் வயருக்குக் கொடுத்தேன். அழுத்தினேன். எஞ்சின் ஒரே தடவையில் பிடித்தது! சாவியைத் திருப்பினேன், நின்றது. மறுபடி அழுத்தினேன், பிடித்தது. மேல்மாடி அன்ரி ஜன்னலால் எட்டிப் பார்த்து, "தங்கச்சி, புகையில என்ர உடுப்பெல்லாம் கறுக்குது" என்று சொல்லும்வரை அழுத்திக்கொண்டிருந்தேன்.

அதோடு விட்டிருக்க வேண்டும். ஆனால் நான் ஒரு தாய். இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒரு யோசனை வந்தது: ஸ்டார்ட் ஆகிவிடும், சரி. வழியில் சாவி ஆடி, புறக்கோட்டை நெரிசலில் நின்றுவிட்டால்? மறுபடி போய்ப் படுத்தேன். எஞ்சின் பம்புக்கு டீசலைத் திறந்துவிடும் வால்வுக்குப் போகும் வயரையும் சாவியிலிருந்து கழற்றி, பற்றரி வயரோடு நேரே முறுக்கிக் கட்டினேன். இனி இந்தக் கார் எந்தக் காரணத்தைக்கொண்டும் நிற்காது.

அன்ரியின் உடுப்பை நினைத்து அதைச் சோதித்துப் பார்க்கவில்லை.

டாஷ்போர்டின் கீழ்மூடியைத் திருப்பிப் பூட்டும்போது இரண்டு திருகாணிகள் மிஞ்சின. எஞ்சினுக்கு மேலுள்ள பொனற்றைத் திறக்கும் பிடியும் கையோடு வந்துவிட்டது. பரீட்சை நாளில் பொனற்றைத் திறந்து என்ன செய்யப் போகிறோம் என்று மூன்றையும் ஒரு தேநீர்ச் சாசரில் போட்டுக் குசினியில் வைத்தேன். திங்கள் காலை நாலு சில்லுக்கும் கீழே நாலு தேசிக்காய் வைத்து நசித்துக்கொண்டு புறப்பட்டோம். (விஞ்ஞானத்தில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு. தேசிக்காய் ஒரு மேலதிக ஏற்பாடு.)

கார் வழியில் எங்குமே நிற்கவில்லை. எனக்கு அவ்வளவு பெருமை. நிலானியின் காலுக்காக அதிபரிடம் அனுமதி வாங்கியிருந்ததால், உள்ளே மண்டபத்தின் பக்கச்சுவர்வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினேன். இவர் அவளையும் ஊன்றுகோல்களையும் இறக்கி உள்ளே விட்டுவிட்டு வந்தார்.

"ஏன் இன்னும் ஓஃப் பண்ணேல்லை?"

"ஓஃப் பண்ணிட்டன்."

இவர் காரைப் பார்த்தார். என் கையிலிருந்த சாவியைப் பார்த்தார்.

"பிறகு?"

பிறகுதான் டீசல் எஞ்சினைப் பற்றி நான் படித்ததெல்லாம் ஒழுங்காக நினைவுக்கு வந்தது. அதற்குத் தீப்பொறி தேவையில்லை. டீசல் வந்துகொண்டிருக்கும்வரை ஓடும். டீசலை நிறுத்துகிற ஒரே வால்வை, நிறுத்தவே முடியாதபடி நான்தான் கட்டியிருக்கிறேன். கட்டிய இடம் மூடிக்கு உள்ளே. மூடியைக் கழற்றத் திருகாணிச் சாவி இல்லை, அது வீட்டில் சாசருக்குப் பக்கத்தில். திரும்ப ஓட்டிக்கொண்டு வெளியே போகலாம் என்று கண்ணாடியைப் பார்த்தேன். முன்னால் மதில். பின்னால், இதற்குள் வந்து நின்றுவிட்ட வினாத்தாள் வான், ஒட்டினாற்போல். சாரதியைக் காணவில்லை. தேநீர் குடிக்கப் போயிருக்கிறாராம்.

இவர் சாரதியைத் தேடி ஓடினார். நான் சுனில் பாஸுக்குப் போன் எடுத்தேன்.

"அய்யோ மிஸ்! கை வைக்க வேணாம் சொன்னது நான்!"

"ஏசுறதை வியாழக்கிழமை ஏசுங்கோ பாஸ். இப்ப இதை எப்பிடி நிப்பாட்டுறது?"

"லேசி தானே. பொனற் திறங்க. பம்புக்கு மேல ஒரு வயர் இருக்கும், அத புடுங்குங்க. முடிஞ்சி."

"பொனற் திறக்கேலாது பாஸ்."

"ஏன்?"

"பிடி குசினியில."

மறுமுனையில் அவர் தன் மனைவியிடம் சிங்களத்தில் ஏதோ சொல்வது கேட்டது. இருவரும் சிரித்தார்கள்.

எட்டரைக்கு மணி அடித்தது. கடகட, கடகட. மண்டபத்து வாசலில் சேலை கட்டிய மேற்பார்வையாளர் ஒருவர் வந்து நின்றார்.

"இது ஆரின்ர வாகனம்?"

நானும் திரும்பிச் சுற்றுமுற்றும் பார்த்தேன். (கடவுள் சாட்சியாக, அந்த நேரத்தில் எனக்குத் தோன்றிய ஒரே வழி அதுதான்.) சாரதி கிடைக்காமல் அப்போதுதான் மூச்சிரைக்கத் திரும்பி வந்த இவர், இருபது வருடக் குடும்ப வாழ்க்கையை ஒரு கணத்தில் மறந்து, என்னை நோக்கி விரலை நீட்டினார்.

அந்த அம்மா கிட்ட வந்து என்னை உற்றுப் பார்த்தார்.

"நீங்கள் போன வருசம் பேப்பர் திருத்த வந்த டீச்சரெல்லோ?"

"ஓம்."

"என்ன பாடம்?"

"விஞ்ஞானம்."

அவர் காரைப் பார்த்தார், பிறகு என்னை, பிறகு மறுபடி காரை. "பிள்ளையள் பாவம் டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல்களைச் சாத்தப் போனார். அவர் ஏசியிருந்தால் இவ்வளவு காலம் நினைவில் நின்றிருக்காது.

ஜன்னல் மூடுமுன் உள்ளே பார்த்துவிட்டேன். தலைகள் எல்லாம் என் பக்கம் திரும்பியிருந்தன. நிலானியின் தலையைத் தேடத் துணிவு வரவில்லை. இரண்டு வருட டியூஷன், விடியற்காலைப் படிப்பு, அந்த உடைந்த கால், எல்லாவற்றையும் என் கையாலேயே இந்த இரைச்சலுக்குள் போட்டு அரைத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தபோது, உண்மையாகவே அழுதேன்.

வான்காரர் பல்குத்திக்கொண்டு மெதுவாக வந்தார். "மொகத அக்கே?" என்று சிங்களத்தில் என்ன விசயம் என விசாரித்தார். நான் சொல்லத் தொடங்கினேன். அவர் முழுவதும் கேட்கவில்லை. வானிலிருந்து ஒரு குறடு எடுத்து, பிடி இருந்த ஓட்டைக்குள் விட்டுக் கம்பியை இழுத்தார். பொனற் திறந்தது. உள்ளே கையைவிட்டு ஒரு வயரைப் புடுங்கினார்.

எட்டு நாற்பத்தொன்று. நின்றது.

அதன் பிறகு கிட்டத்தட்ட மூன்று மணித்தியாலம் நானும் இவரும் கேற்றுக்கு வெளியே, மற்றப் பெற்றோருக்கு நடுவில் நின்றோம். யாரும் எங்களோடு கதைக்கவில்லை. ஒரு தடவை துறைமுகத்தில் கப்பல் ஒன்று ஊதியது. அதற்கும் ஒரு தாய் என்னைத்தான் திரும்பிப் பார்த்தாள்.

சுனில் பாஸ் வியாழக்கிழமை சொன்னபடி வந்து எல்லாவற்றையும் சரிசெய்தார். பெல் சுவிட்சை மட்டும் கழற்ற மறுத்துவிட்டார். "நல்லா இருக்கு மிஸ், கிடக்கட்டும்" என்றார். இன்றும் எங்கள் கார் கோலிங் பெல் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகும். வீட்டில் நான் ஃபானை நிறுத்திவிட்டு வந்தால்கூட இவர், "நிண்டதோ, இல்லாட்டி சாவியை மட்டும் கழட்டினீரோ?" என்று கேட்கிறார். விரல் நீட்டிய மனிதருக்குக் கதைக்க வாய் இருக்கிறது.

ஆனால் அன்று பதினொன்றரைக்கு யாருக்கும் சிரிப்பு இல்லை. மண்டபத்திலிருந்து பிள்ளைகள் வந்தார்கள், எல்லாருக்கும் பின்னால் ஊன்றுகோல் சத்தம். நிலானி எங்கள் முன்னால் வந்து நின்றாள். இவர் என் பின்னால் நகர்ந்தார். நான்தான் கேட்டேன்.

"பிள்ளை, சத்தம் கேட்டதோ?"

"ஹோல் முழுக்கக் கேட்டது."

"உனக்கு எழுத ஏலாமப் போட்டுதோ?"

அவள் ஊன்றுகோலை என் கையில் தந்துவிட்டு, சுவரில் சாய்ந்தாள்.

"எனக்கென்ன, பிறந்ததில இருந்து கேக்கிற சத்தந்தானே. கார் ஓடிக்கொண்டிருந்தமட்டும் வடிவா எழுதிக்கொண்டு இருந்தனான். அது நிண்டாப் பிறகுதான், அம்மா, பயந்து போனன், இனி வீட்டை எப்பிடிப் போறதெண்டு."