அம்புரோஸின் நான்கு முகவரிகள்

ஒரு மனிதனுக்கு ஒரே முகவரி போதும் என்ற காட்டுமிராண்டி வழக்கத்தை மலேசிய மண்ணிலிருந்து ஒழித்த பெருமை, பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்த குமாஸ்தா அம்புரோஸையே சேரும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறில் அவருக்கு நான்கு முகவரிகள் இருந்தன. டத்தோ பட்டம் வாங்கிய பெரிய பெரிய மனிதர்களே ஒரு பங்களாவோடு திருப்திப்பட்டுக்கொண்ட காலம் அது.

எல்லாம் கேட்டலாக் செய்த புண்ணியம். படத்தைப் பார், பாரத்தை நிரப்பு, பொருள் தபாலில் வீடு தேடி வரும் என்றது அந்தப் பளபளப்பான புத்தகம். அம்புரோஸ் அதை பைபிளுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். எதை அதிகம் புரட்டினார் என்பது கர்த்தருக்குத் தெரியும். மழை வருமா என்று முன்கூட்டியே சொல்லும் பொம்மை வந்தது. துணியெல்லாம் நனைந்த பிறகு சொன்னது. கேரட் பிழியும் இயந்திரம் வந்தது. அது சமையலறைச் சுவர் முழுக்கக் காறித் துப்பிய அன்று, அவர் மனைவி பிலோமினா ஓர் அரசாணை பிறப்பித்தார்.

"இன்னொரு பார்சல் இந்த வாசப்படி ஏறட்டும், நான் ஈப்போவுக்கு எங்கம்மா வீட்டுக்கு பஸ் ஏறிடுவேன். வெளயாட்டு இல்ல லா, சொல்லிட்டேன்."

சாதாரண மனிதனாக இருந்தால் பார்சலை நிறுத்தியிருப்பான். அம்புரோஸ் வாசப்படியை மாற்றினார்.

நாற்பது பக்க நோட்டு ஒன்றில் 'விநியோக முகவரி நிர்வாகம்' உதயமாயிற்று. சிறு பொருள்களுக்கு அம்பாங்கில் சின்னையாவின் முடிதிருத்தும் கடை. முடி வளர்க்கும் தைலம் அங்கேதான் வந்து இறங்கியது; சின்னையா அதைத் தொழில் விரோதியைப் பார்ப்பது போலப் பார்த்தார். உடையும் பொருள்களுக்குக் காஜாங்கில் மாரியாயி அக்காவின் மளிகைக்கடை, வெங்காய மூட்டைக்குப் பின்னால். பெரிய பொருள்களுக்குக் கிள்ளானில் தம்பி வாலண்டைன் வீட்டுப் பின்னறை.

சனிக்கிழமைதோறும் 'யூனியன் மீட்டிங்' என்று சொல்லிவிட்டு அம்புரோஸ் ஆய்வுப் பயணம் புறப்படுவார். காஜாங்குக்கு பஸ் ஏறிப் போய், முட்டை உரிக்கும் கருவியில் ஒரு முட்டையை உரித்துப் பார்த்துவிட்டு, கருவியை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்புவார். முன்னேற்றம் என்றால் சும்மாவா?

முகவரி அதிகாரிகள் மூவருக்கும் ஒரே சட்டம்தான். எதையும் பிரிக்காதே, வீட்டுக்கு போன் செய்யாதே, கழுத்தை அறுத்தாலும் பிலோமினா இருக்கும் இடத்தில் வாயைத் திறக்காதே.

இதில் ஒரு நுட்பமும் உண்டு. 'ஒரு வாடிக்கையாளருக்கு மாதம் ஒரு பரிசு மட்டுமே' என்று கேட்டலாக்காரன் கறாராகச் சொன்னதால், அம்புரோஸ் மகள் உர்சுலாவின் பெயரிலும், கிள்ளான் முகவரிக்கே, ஆர்டர் போட்டார். கிள்ளான் பின்னறையில் அந்தப் பெண்ணுக்கு ஆறு அலாரம் கடிகாரங்கள் பரிசாகச் சேர்ந்திருந்தன. அவளுக்குத்தான் தெரியாது.

அவளுக்கு வேண்டியதெல்லாம் வேறு. எஸ்.பி.எம். பள்ளியிறுதித் தேர்வில் நன்றாகத் தேறிவிட்டு, நர்ஸ் பயிற்சிக்கு மனுப் போடத் துடித்துக்கொண்டிருந்தாள். "எங்க குடும்பத்துல மொதோ மிஸ்ஸி," என்று பிலோமினா இப்போதே பக்கத்து வீடுகளில் சொல்லிவிட்டு வந்திருந்தார். பாரத்தை நிரப்பும் பொறுப்பு அம்புரோஸுக்கு. ரயில்வேயில் அவர் கையெழுத்துக்கு மிஞ்சி ஆளில்லை.

ஒரு சாயங்காலம் அவர் மூன்று பாரங்கள் நிரப்பினார். முதல் இரண்டும் தொப்பை கரைக்கும் மின்சாரப் பட்டைக்கும், உர்சுலா பெயரில் ஏழாவது கடிகாரத்துக்கும். மூன்றாவது அவளுடைய மனு. அழகான கையெழுத்துக்குக் கண் எதற்கு? கை தானாக ஓடியது. உர்சுலா நம்பிக்கையோடு கையெழுத்துப் போட்டாள்.

பிறகு எல்லாரும் காத்திருந்தார்கள். போஸ்ட்மேன் சைக்கிள் மணி கேட்டால் உர்சுலா வாசலுக்கு ஓடுவாள், வெறுங்கையோடு திரும்புவாள். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தரும் அந்தோணியாருக்குச் செவ்வாய்தோறும் மெழுகுத்திரி ஏற்றினாள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கடிதம் வந்துவிட்டது என்று தெரிந்த அன்று சாப்பிடவில்லை. அம்புரோஸ் கொதித்தெழுந்தார்.

"என்னா நிர்வாகம் நடத்துறானுங்க! ஒரு லெட்டர ஒழுங்கா ஒரு வீட்டுக்கு அனுப்பத் தெரியல!"

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வாலண்டைன் வருவது வழக்கம். ஆட்டுக்கறியைப் பிசைந்துகொண்டிருந்தவரிடம் உர்சுலா கண்கலங்கினாள்.

"சித்தப்பா, இன்னும் லெட்டர் வரல. என்னைய வேணாம்னுட்டாங்க போல."

வாலண்டைன் அண்ணனைப் பார்த்துக் கண்ணடித்தார். பட்டை வந்துவிட்டது என்று புரிந்துகொண்டு அம்புரோஸும் கண்ணடித்தார். இரண்டு ஞாயிறு இப்படி நடந்தது. மூன்றாம் வாரம் 'மீட்டிங்' கிள்ளானில் கூடியது.

"அண்ணே, பட்டை வந்துருச்சு," என்றார் வாலண்டைன். "உர்சுலா பேர்ல ஒரு கவர் வந்து மூணு வாரமாச்சு. பெரிய முத்திரையெல்லாம் போட்டிருக்கான். ஏழாவது கடிகாரத்துக்குக் கூப்பன்னு நெனக்கிறேன்."

கேட்டலாக்காரன் கவர்களிலும் தங்க முத்திரை இருக்கும். ஆனால் இது தங்கமில்லை. அம்புரோஸ் பிரித்தார். நர்ஸ் பயிற்சிக்கான நேர்முகத் தேர்வு, சென்ற செவ்வாய் காலை ஒன்பது மணி. வராதவர்கள் விலகிக்கொண்டவர்களாகக் கருதப்படுவர். மேலே கிள்ளான் முகவரி, அவர் மனுவில் எழுதிக் கொடுத்தபடியே, ஓர் எழுத்துப் பிசகாமல்.

"அடப்பாவி! ரெண்டு ஞாயிறு வீட்டுக்கு வந்தியேடா! அவ அழுவுறதப் பாத்துக்கிட்டே கறி தின்னியேடா!"

"நீங்கதானே அண்ணே கழுத்த அறுத்தாலும் வாயத் திறக்காதன்னு சொன்னீங்க? நான் கண்ணு காட்டினேன். நீங்களும் காட்டினீங்களே!"

அம்புரோஸ் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பட்டையை அங்கேயே போட்டுவிட்டு பஸ் ஏறினார். வழியெல்லாம் ஒரு பொய் தேடினார். எத்தனையோ சனிக்கிழமை கை கொடுத்த 'யூனியன்' அன்று கை விட்டுவிட்டது.

வீட்டில் கடிதத்தையும் நோட்டையும் மேசைமேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னார். பிலோமினா ஈப்போ பேச்சையே எடுக்கவில்லை. அதுதான் அம்புரோஸுக்கு அதிக பயமாக இருந்தது.

"ஒங்க கையெழுத்து அழகா இருக்கும்னுதானே புள்ள பாரத்த நீட்டிச்சு," என்றார், அவ்வளவுதான்.

உர்சுலா கடிதத்தை இரண்டு முறை படித்தாள். பிறகு நோட்டை இழுத்து முதல் பக்கத்தைத் திறந்தாள். அந்தப் புகழ்பெற்ற கையெழுத்தில், சிவப்பு மையில், அடிக்கோடிட்டு எழுதியிருந்தது: 'முகவரி 1: பிரிக்ஃபீல்ட்ஸ் வீடு. இங்கே எதுவும் வரக் கூடாது.'

"அம்மா, அப்பாவத் திட்டாதீங்க," என்றாள் உர்சுலா. "அவரு நிர்வாகத்துல ஒரு கொறையும் இல்ல. எழுதி வச்சபடியேதான் நடந்திருக்கு. இங்க எதுவும் வரல."