குறுக்கே போகும் பூவாயி

வண்டி நகர்ந்து நாலடி போயிருக்காது, பூவாயி குறுக்கே போய்விட்டாள்.

"நிறுத்துடா!" என்று உள்ளேயிருந்து கத்தினார் செங்கோட்டையன்.

பச்சமுத்து கயிற்றை இழுத்துப் பிடித்தான். மாடுகளின் கழுத்துச் சலங்கை ஓய்ந்தது. பூவாயி யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. வாலைத் தூக்கிக்கொண்டு, நாமகிரிப்பேட்டைத் தெருவையே தன் பேருக்கு எழுதி வாங்கியவள் போல நடந்து, எதிர்ச்சாரியில் எருமைக் கொட்டகைச் சந்துக்குள் புகுந்து மறைந்தாள்.

பூவாயி என்றதும் யாரோ பெண்பிள்ளை என்று நினைத்துவிட வேண்டாம். பச்சமுத்து வளர்க்கும் பூனைதான். செவலை உடம்பு, வெள்ளைக் கால். வாடகைக்கு வண்டி ஓட்டிப் பிழைக்கிறவன் பூனை வளர்க்கலாமா என்று ஊரே அவனைக் கேட்டாயிற்று. அவனும், "எலிக்குங்க, சும்மா எலிக்குத்தான்" என்று சொல்லிச் சொல்லி நாளை ஓட்டிக்கொண்டிருந்தான்.

"எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போச்சு?" என்று கேட்டார் செங்கோட்டையன்.

"வலத்துல இருந்து எடத்துக்குங்க. அது ஒண்ணும் பண்ணாதுங்க சாமி."

"போன வாய்தாவுக்கும் இதையேதான் சொன்ன. கோர்ட்டுல போயி எறங்குனா வக்கீலுக்குக் காய்ச்சல்!"

செங்கோட்டையன் மஞ்சள் மண்டிக்காரர். ஒரு முழ அகல வரப்புக்காகப் பங்காளியோடு வழக்காடிக்கொண்டிருந்தார். அந்த வரப்பில் விளையக்கூடிய மஞ்சளைப்போல பத்து மடங்கை வக்கீல் வீட்டில் கொட்டியாயிற்று. இருந்தாலும் மனுஷன் விடவில்லை.

பூனை குறுக்கே போனால் வீட்டுக்குத் திரும்பி, ஒரு செம்புத் தண்ணீர் குடித்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். அவர் தண்ணீர் குடித்து உட்கார்ந்து எழுவதற்குள் ராசிபுரம் கோர்ட்டுக்குப் போகிற மோட்டார் பஸ் போய்விடும். இது அவருக்கும் தெரியும், மோட்டார்காரனுக்கும் தெரியும். பூவாயிக்குத்தான் தெரியாது.

"பச்சமுத்து, கேட்டுக்க. அடுத்த வாய்தா அன்னைக்கும் இது குறுக்க வந்துச்சு, கோணிப்பையில போட்டுக் கட்டி ஆத்துக்கு அக்கட்டால உட்டுட்டு வந்துருவேன். கொன்னாத்தான் பாவம். கொண்டுபோயி உட்டாப் பாவமில்ல."

ஆற்றுக்கு அந்தப் பக்கம் நாய்க்கூட்டம் உண்டு. போன வருஷம் யாரோ கொண்டுபோய் விட்ட கறுப்புப் பூனை ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை என்று பச்சமுத்துவுக்குத் தெரியும். அந்தப் பக்கம் சவாரி போனபோது அவனே பார்த்தான். பார்த்ததை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டுக்குள் போனால் பெண்டாட்டி ஆராயி பிடித்துக்கொண்டாள்.

"அந்தச் சனியனத் தொலச்சுத் தல முழுகுங்க! பூன வேணுமா, பொழப்பு வேணுமா? இந்த ஊட்டுல அதுக்கு ஒரு சொட்டுப் பாலு கெடையாதுன்னு வந்த அன்னைக்கே சொன்னனா, இல்லீங்களா?"

சொன்னாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றியும் வந்தாள். அதனால் பச்சமுத்து தினமும் ஒரு கருவாட்டுத் தலையைத் தலைப்பாகைக்குள் ஒளித்துக் கொண்டுவந்து, கொல்லையில் வைத்துப் பூவாயிக்குப் போடுவான். ஒரு கருவாட்டுத் தலையில் ஒரு பூனை இத்தனை மினுமினுப்பாக இருக்குமா என்று அவன் யோசித்ததில்லை. நன்றாக எலி பிடிக்கிறாள் என்று பெருமைப்பட்டுக்கொண்டான். ஆராயிக்கு அந்தப் பெருமையெல்லாம் கிடையாது. திட்டி முடித்ததும் அரிவாளை எடுத்துக்கொண்டு புல்லறுக்கப் போய்விடுவாள். சொந்த மாடுகளுக்கே தீவனம் பற்றாத காலத்திலும் எதிர்வீட்டு வசந்தாமணியின் எருமைக்கு ஒரு கட்டுப் போட்டுவிட்டுத்தான் திரும்புவாள். ஊராருக்கு இரங்குகிறவள் ஒரு பூனைக்கு இரங்க மாட்டேன் என்கிறாளே என்று அவனுக்கு வருத்தம்.

மறுநாள் அவன் ஓர் ஏற்பாடு செய்தான். கோழி கவிழ்க்கும் பஞ்சாரத்தால் பூவாயியை மூடி, மேலே ஒரு கல்லையும் வைத்தான்.

"வண்டி கோயிலத் தாண்டுன ஒடனே தொறந்து உட்டுரு ஆராயி. பாவம், அடச்சு வெச்சா அதுக்கு ஆவாது."

அவன் சுபாவம் அப்படி. வண்டி மாட்டை அவிழ்த்து விட்ட பிறகுதான் அவனுக்குச் சோறு இறங்கும்.

மாட்டுச் சலங்கை குலுங்கியதுதான் தாமதம், பஞ்சாரத்துக்குள் பூவாயி ஒப்பாரி வைக்க ஆரம்பித்தாள். சாதாரண மியாவ் இல்லை, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற அழுகை.

பக்கத்து வீட்டில் மாதையன் நாலைந்து நாளாகக் காய்ச்சலில் படுத்திருந்தார். பூனை அழுகிற சத்தம் காதில் விழுந்ததும் கண்ணை மூடிக்கொண்டு பெண்டாட்டியைக் கூப்பிட்டார்.

"வந்துட்டான் எமன். பூனைக்குத்தான் மொதல்ல தெரியும். மாரக்கா, சொந்தக்காரங்களுக்கெல்லாம் ஆளு உடு."

வெண்ணந்தூர் மகள் வீட்டிலிருந்தும் எருமப்பட்டித் தங்கை வீட்டிலிருந்தும் வண்டி வண்டியாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். அத்தனை பேரையும் ஒன்றாகப் பார்த்த சந்தோஷத்தில் மாதையனுக்குக் காய்ச்சல் விட்டுப்போயிற்று. எழுந்து உட்கார்ந்து களி கேட்டார். வந்தவர்கள் எழுந்து போகக் காணோம்.

மாரக்காள் பச்சமுத்து வாசலில் வந்து நின்றாள். "சாவுக்குன்னு வந்த சனம் சோத்துக்கு உக்காந்திருக்குது. உன்ற பூன அழுதுச்சு, என்ற கம்பு மூட்ட காலியாச்சு. இன்னொருக்கா அழுதுச்சுன்னா பாத்துக்க!"

பஞ்சாரம் கோழிக்கே திரும்பிப் போயிற்று.

அடுத்த யோசனை இன்னும் புத்திசாலித்தனமாக இருந்தது. வண்டிக்கு வெளியே இருந்தால்தானே குறுக்கே போகும்? உள்ளேயே உட்கார வைத்துக்கொண்டால்?

அங்கம்மாள் தன் மகனுக்குப் பெண் பார்க்க, பூக்கூடையும் வெற்றிலைத் தட்டுமாக ஏறி உட்கார்ந்தாள். பச்சமுத்துவின் மடியில் துண்டைப் போர்த்திக்கொண்டு ஏதோ நெளிந்தது.

"அது என்னப்பா?"

"பூனைங்க. இது இங்க இருக்கறப்ப எப்பிடிங்க குறுக்க போவும்?"

அங்கம்மாள் கொஞ்சம் யோசித்துப் பார்த்தாள். கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

மாடுகள் அடியெடுத்து வைத்தன, சலங்கை குலுங்கியது. பூவாயி பச்சமுத்துவின் தொடையில் பத்து நகத்தையும் பதித்து எழும்பினாள். பூக்கூடையைக் கவிழ்த்து, வெற்றிலையை மிதித்து, வலத்து மாட்டின் முதுகில் ஏறி, நுகத்தடியைத் தாண்டி எதிரே குதித்து, வழக்கம்போல வாலைத் தூக்கிக்கொண்டு குறுக்கே போனாள். மிரண்ட மாடு வண்டியைத் தெருவுக்குக் குறுக்காக நிறுத்திவிட்டது. பின்னால் வந்த வண்டிகளும் வரிசையாக நின்றன.

"சகுனம் பாத்துப் போறவங்க உண்டு. சகுனத்த மடியில வெச்சுக் கூட்டிக்கிட்டுப் போறவன் நீ ஒருத்தன்தான்!" என்று சொல்லிவிட்டு அங்கம்மாள் தலையிலிருந்த மல்லிகையைத் தட்டிக்கொண்டு இறங்கினாள்.

அன்று சாயங்காலம் பச்சமுத்து வெள்ளாமைக் காடுகளின் பக்கமாகச் சும்மா நடந்தான். ஒரு கம்பங்காட்டில் முனியப்பன் கோயில் கிடா புகுந்து மேய்ந்துகொண்டிருந்தது. காட்டுக்காரர் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். நேர்ந்து விட்ட கிடா. அடிக்கவும் முடியாது, கட்டவும் முடியாது. ஊரெல்லாம் அதற்கு வீடு, கழுத்தில் மஞ்சள் துணி ஒன்றுதான் காவல்.

பச்சமுத்து நேராகப் பூசாரி வீரனிடம் ஓடினான்.

"பூனைய நேந்து உட்டு நான் கண்டதில்லியேப்பா" என்றார் வீரன்.

"கெடா மாதிரி வெட்டறதுக்கில்லீங்க. சும்மா உலாத்தறதுக்குத்தான். ஒரு சேவல் கொண்டாந்து தாரனுங்க."

சேவல் என்றதும் பூசாரிக்கு வழி புலப்பட்டது. "செரி. சாமி பூன குறுக்க போனா, முனியப்பனே முன்னால நின்னு வழி உடறாருன்னு அர்த்தம். வெள்ளிக்கெழம பூசையில சொல்லீர்றேன்."

வெள்ளிக்கிழமை பூவாயியின் கழுத்தில் மஞ்சள் துணி ஏறிற்று. சனிக்கிழமை அங்கம்மாள் பயந்துகொண்டே வண்டி ஏறினாள். பூவாயி குறுக்கே போனாள். போன இடத்தில் பெண் வீட்டார் கேட்ட மாத்திரத்தில் சம்மதித்துவிட்டார்கள்.

அவ்வளவுதான். பூவாயியை விரட்டியவர்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். அவள் பின்னால் ஓடிய நாயை ஆளுக்கொரு கல்லெடுத்து அடித்தார்கள். பச்சமுத்து நிம்மதியாகத் தூங்கினான். வெளியே போன பூனை திரும்பி வருமா என்று விழித்துக் கிடக்கிற வேலை போயிற்று. தன் தலையிலும் இவ்வளவு மூளை இருக்கிறது என்று இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று அவனுக்கு ஒரே ஆச்சரியம்.

வாய்தா நாள் வந்தது. செங்கோட்டையன் குளித்து, திருநீறு பூசி, வண்டியில் ஏறினார். பின்னால் சந்தைக்குப் போகிற வண்டிகள் நாலைந்து நின்றன.

பச்சமுத்து கயிற்றைத் தூக்கினான்.

"பொறுடா!" என்றார் செங்கோட்டையன். "சாமி பூன மொதல்ல போவட்டும். அப்பறம்தான் நம்ம சக்கரம் உருளோணும். மாட்டப் புடிச்சு நில்லு, தலய ஆட்டக்கூட உடாத!"

பச்சமுத்து இறங்கி மாடுகளின் கழுத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டான். எல்லோரும் பச்சமுத்து வீட்டு வைக்கோல் போரைப் பார்த்தார்கள். போரின் மேல் பூவாயி உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். வண்டியைப் பார்த்தாள். வண்டி அசையவில்லை. அவளும் அசையவில்லை.

"வருது, வருது" என்றார் பின்வண்டிக்காரர். பூவாயி படுத்துக்கொண்டாள்.

"ஏனுங்க, வண்டிய ஓட்டித்தான் பாருங்களே" என்று வாசலிலிருந்து ஆராயி சொன்னாள்.

"பொம்பள சும்மா இரு! சாமி காரியம்" என்று அவளை அடக்கினார்கள்.

கருவாடு காட்டினார்கள். பூவாயி மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாதையன் போர்வையோடு வந்து, "சாமி, ஒரு எட்டு நடந்து குடுங்க" என்று கும்பிட்டார். பூசாரி கற்பூரம் காட்டினார். மண்டிக்காரரே இறங்கி வந்து, மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பூனைக்கு முன்னால் நின்றார். பூவாயி ஒரு கொட்டாவி விட்டாள்.

"ஏனுங்க, நாஞ் சொல்றதக் கேளுங்க, வண்டிய மட்டும் கெளப்பிப் பாருங்க" என்றாள் ஆராயி மறுபடியும். யாரும் காதில் வாங்கவில்லை.

தூரத்தில் ராசிபுரம் சாலையில் மோட்டாரின் ஊதல் கேட்டுத் தேய்ந்தது. செங்கோட்டையனின் முகம் சிவந்தது.

"போச்சு! இந்த வாய்தாவும் போச்சு! போவாதேன்னா குறுக்க போவுது, போன்னா போவ மாட்டீங்குது. இது சாமியுமில்ல, பூதமுமில்ல. கொண்டாடா கோணிப்பைய!"

பூசாரி மெதுவாக, "துணிய அவுத்துட்டா நேத்திக்கடன் கழிஞ்சுரும்" என்று சொல்லி, அவரே அவிழ்த்தும் விட்டார். சேவல் ஏற்கனவே குழம்பாகியிருந்தது.

கோணிப்பையைப் பச்சமுத்துவின் கையில் திணித்தார்கள். அவன் போரில் ஏறிப் பூவாயியைத் தூக்கினான். அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அவன் கழுத்துக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு குறுகுறுவென்று சத்தம் போட்டாள். அவனால் பையின் வாயைத் திறக்க முடியவில்லை. இத்தனை பேர் பார்க்கிறார்கள் என்றுகூடப் பாராமல் அழுதுவிட்டான்.

"சாமி, எலிக்குன்னு சொன்னதெல்லாம் பொய்யிங்க. இது இல்லாம எனக்கு ஆவாதுங்க. வேணும்னா வண்டிய வித்துப்போட்டு மூட்ட தூக்கிப் பொழச்சுக்கறேன். ஆத்துக்கு அக்கட்டால மட்டும் வேண்டாமுங்க, நாயி கொதறிப்போடும்."

செங்கோட்டையனுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. ஆனாலும் மண்டிக்காரர், சொன்னதை அவ்வளவு சீக்கிரம் திரும்பப் பெற முடியுமா? பொறுப்பை வேறு தலையில் வைக்கப் பார்த்தார்.

"ஆராயி, நீயே சொல்லு. மொத நாள்ல இருந்து அதத் தொலைக்கோணும்னு நிக்கறவ நீதான?"

ஆராயி முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு, எதிர்ச்சாரிச் சந்துப் பக்கமே பார்த்தாள்.

அந்தச் சந்துக்குள்ளிருந்து கையில் கிண்ணத்தோடு எட்டிப் பார்த்தாள் வசந்தாமணி.

"ஏனக்கா ஆராயி, உன்ற ஊட்டுக்காரருக்குத் தெரியக்கூடாது, அவரு வண்டி கெளம்பிச் சலங்கச் சத்தம் கேட்டாத்தான் பூவாயிக்குப் பாலு ஊத்தோணும்னு தெனமும் புல்லுக் குடுத்து ஏற்பாடு பண்ணி வெச்சயே, இன்னைக்கு அந்த வண்டி கெளம்புமா கெளம்பாதா, நான் இன்னும் எத்தன நேரந்தான் கிண்ணத்தோட நிக்கறது?"