ஏழா எட்டா என்று ரெண்டாம் சகனிடம் கேட்டோம்

எந்தப் புதுப் பொருளையும் முதல் ஆளாகத் தொட்டதில்லை என்று நெஞ்சில் அடித்துச் சொல்லக்கூடிய ஒரே மனிதர், இந்த உலகத்தில், எங்கள் ஒபிசில்தான் இருந்தார். பிறந்ததுகூட இரட்டையரில் இரண்டாவதாக. "காக்கா முன்னுக்குப் போய் அழுத சத்தம் கேட்டிச்சி. மறுகா நான் கொஞ்சம் யோசிச்சன்" என்பார். காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்.

கல்யாண வீட்டில் சகன் வைப்பார்கள் அல்லவா, ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிட? முதல் சகனுக்கு அவரை யாராலும் இழுத்து உட்கார்த்த முடியாது. பந்தலில் தூணோடு தூணாக நின்று, சாப்பிடுகிறவர்களின் முகங்களைப் படிப்பார். உப்பு, உறைப்பு, இறைச்சி வெந்த பதம் எல்லாம் அங்கே எழுதியிருக்கும். சரியென்று பட்டால்தான் கை கழுவி வந்து அமர்வார். கல்முனை முழுக்க அவருக்குப் பெயர் ரெண்டாம் சகன்.

ஒபிசில் நாங்கள் மூன்று பேர். அவர், நான், பாண்டிருப்பிலிருந்து ஸ்கூட்டியில் வரும் வனிதா. ஒரு தனியார் மருத்துவமனையில் டொக்டரைப் பார்க்க வருகிறவர்களுக்கு நம்பர் கொடுக்கும் செயலியை நடத்தினோம். வேறு வாடிக்கை இல்லை. அது போனால் ஒபிசுக்குப் பூட்டு. பன்னிரண்டு வருடம் மணலைத் தின்றுவிட்டு வந்த நான் மறுபடி கட்டாருக்கு விமானம் ஏற வேண்டும்.

எந்த டொக்டருக்கு எத்தனையாம் நம்பர் ஓடுகிறது என்பதை, பெரிய பதிவேட்டைப் புரட்டாமல், நினைவிலேயே வைத்துக் கண் சிமிட்டுமுன் சொல்கிற தரவுத்தளம் ஒன்று உண்டு. கேஷ் என்பார்கள். இயந்திரம் எங்களுடையதல்ல, எங்கோ ஒரு நிறுவனம் வாடகைக்கு நடத்துகிறது. பழுதுக்கும் மின்வெட்டுக்கும் அவர்கள் பொறுப்பு. எந்தப் பதிப்பு என்று தெரிவு செய்வது மட்டும் எங்கள் வேலை. அந்த 'மட்டும்'தான் ஆளைக் கொன்றது.

ஒரு திங்கட்கிழமை கடிதம் வந்தது. நீங்கள் வைத்திருக்கும் ஆறாம் பதிப்பை இந்த மாதத்தோடு கைவிடுகிறோம். ஏழோ எட்டோ நீங்களே தெரிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் நாங்களே ஏற்றிவிடுவோம். ஏறினால் இறங்க முடியாது.

"எட்டு," என்றேன். புதியது என்றால் எனக்குள் ஒரு கடல் எழும்பும்.

"எட்டில ஆரு சாப்பிட்டிருக்கா?" என்றார் ரெண்டாம் சகன்.

"வந்து ரெண்டு மாசம்தான் காக்கா."

"அப்ப இன்னும் வாய்க்குள்ளதான் இரிக்கி. முழுங்கின ஆள் வரட்டும்."

"மாசம் முடியிறத்துக்குள்ள ஆரும் முழுங்க மாட்டாங்க காக்கா," என்றாள் வனிதா. "இந்த முறை நாமதான் ருசி பாக்கணும்."

அவர் முகம் வெளுத்தது. வாழ்க்கையில் முதன்முறையாக முதல் சகன் அவரைத் தேடி வந்துகொண்டிருந்தது.

இரண்டு நாள் அவர் உலகெங்கும் யார் யார் என்ன புலம்புகிறார்கள் என்று திரையில் படித்தார். தூணோரம் நின்று முகம் பார்க்கிற அதே பார்வை. மூன்றாம் நாள், ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்துக்கு இரண்டு நகல் எடுக்கச் சொன்னார். ஒன்றில் ஏழு, மற்றதில் எட்டு. "சனத்துக்கு வெக்க முதல் நமக்கு ரெண்டு சின்னச் சகன்."

ஏழு சமர்த்தாக ஓடியது. எட்டில் வனிதா அலறினாள்.

"காக்கா! எல்லாருக்கும் ஒண்டாம் நம்பர் குடுக்குது!"

"நல்லம். சனம் சந்தோசமாப் போகும். டொக்டர்தான் பின் கதவால ஓடணும்."

பிழை எட்டில் இல்லை. அது பதில் சொல்லும் விதம் கொஞ்சம் மாறியிருந்தது. நான்கு வருடத்துக்கு முன் நான் அவசரத்தில் எழுதிய இரண்டு வரி நிரலுக்கு அது விளங்கவில்லை. இதுவரை ஒரு நம்பரும் போகவில்லை என்று நினைத்து ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கியிருந்தது. வரிகளுக்கு மேலே என் பெயர் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"ஏழு," என்றார். "எட்ட மெல்லமாத் திருத்தி மறுகா எடுப்பம், தம்பி."

ஏற்றுவதற்கு அவர் குறித்த நேரம் வெள்ளிக்கிழமை நடுப்பகல். ஜும்ஆத் தொழுகைக்குக் கடைகள் கதவடைக்கும். டொக்டர்மாரும் அந்நேரம் பார்ப்பதில்லை. ஒருவரும் நம்பர் எடுக்க மாட்டார்கள். நாங்கள் இருவரும் பள்ளிவாசலில். வனிதா ஒபிசில், பட்டனில் விரலோடு. இது சரிவந்தால் என் கையால் சோறாக்கிப் போடுவேன் என்று பள்ளிப் படியில் நிய்யத்து வைத்தேன். குத்பாப் பிரசங்கத்தில் ஒரு சொல்லும் என் காதில் ஏறவில்லை, அல்லாஹ் மன்னிக்கட்டும். வெளியே செருப்பைத் தேடும்போதே போன் அடித்தது.

"ஏழு ஏறிட்டு! இப்ப ஒராள் நம்பர் எடுத்தார். நாப்பத்தி மூணுக்குப் பிறகு நாப்பத்தி நாலு. ஒழுங்காப் போகுது."

எனக்குள் கிடந்த கட்டார் மணல் முழுவதும் ஒரே மூச்சில் உதிர்ந்தது. யாருடையதோ செருப்பை மாட்டிக்கொண்டு ஒபிசுக்கு ஓடினேன். ரெண்டாம் சகனும் ஓடி வந்தார், வழக்கம்போல் இரண்டாவதாக.

ஞாயிறு என் வீட்டில் சாப்பாடு. வாழ்நாளில் முதல் தடவையாக நான் ஆக்கிய புரியாணி. அக்கம்பக்கத்தாரும் வந்ததில் இரண்டு பந்தியாயிற்று. அவர் நின்று பார்க்கத் தூணோரம் இடம் விட்டு வைத்திருந்தேன். அவர் நேராக வந்து, கை கழுவி, முதல் சகனில் அமர்ந்தார். வீடே பேச்சை நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்தது. ஒரு பிடி. இரண்டு பிடி. தட்டில் தன் பக்கம் துடைத்தாற்போல் ஆகும்வரை சாப்பிட்டார். அவரைப் பார்த்தபடி மற்ற ஐந்து பேரும் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார்கள்.

"நல்லாரிக்கி, தம்பி," என்று எழும்பினார்.

இரண்டாம் சகனில் நான் இருந்தேன். முதல் பிடியிலேயே தெரிந்தது. நான் உப்பே போட்டிருக்கவில்லை.