எதிர்த்துப் பேச ஐந்து பேர்

"யாருக்காவது மறுப்பு இருக்கா?" என்று மூன்றாவது முறையாகக் கேட்டார் ஜெயந்திரன்.

இருபத்து மூன்று மாணவர்களும் தலையைக் குனிந்து எழுதினார்கள். அவர் கேட்ட கேள்வியையே எழுதுகிறார்கள் என்பது முன் வரிசைக்குப் போய் எட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

கிள்ளானில் ஒரு தனியார் கல்லூரி அது. துறைமுகச் சரக்குப் போக்குவரத்து டிப்ளோமாவுக்கு ஜெயந்திரன் ஒப்பந்த விரிவுரையாளர். பதினோரு வருடங்களாக, ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தம். இந்த வருடம் கல்லூரிக்குக் கிரிட்டிக்கல் திங்கிங், அதாவது கேள்வி கேட்டு யோசிக்க வைக்கும் திட்டம், வந்திருந்தது. துறைத்தலைவர் குணபூசணி மேடம் அடுத்த வெள்ளிக்கிழமை ஜெயந்திரன் வகுப்பின் கடைசி வரிசையில் வந்து உட்காரப் போகிறார். மேடம் கையில் ஒரு மதிப்பீட்டுப் படிவம் இருக்கும். அதில் ஒரு கட்டம்: 'விரிவுரையாளரின் கருத்தைக் காரணத்தோடு மறுத்த மாணவர்கள் எத்தனை பேர்?' ஐந்துக்குக் குறைந்தால் ஒப்பந்தம் கிடையாது. ஐம்பத்து நான்கு வயதில் வேறு எந்தக் கல்லூரி தன்னைக் கூப்பிடும் என்று ஜெயந்திரனுக்குத் தெரியவில்லை.

முதலில் ஒரு பட்டிமன்றம் வைத்துப் பார்த்தார். மாணவர்களுக்கு வருகைப் பதிவு தேவையா, இல்லையா? இடது பக்கம் பாதிப் பேர், வலது பக்கம் பாதிப் பேர். வகுப்புத் தலைவன் பிரவின் எழுந்து, "சார், நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டான். தான் எந்தப் பக்கமும் இல்லை என்றார் ஜெயந்திரன். வியர்த்தது. காற்றாடி இடது பக்கத்தில் இருந்ததால் அங்கே போய் நின்றார். ஐந்து நிமிடத்தில் வலது பக்கத்து நாற்காலிகள் ஒவ்வொன்றாக இடது பக்கம் நகர்ந்துவிட்டன. வருகைப் பதிவு தேவை என்று இருபத்து மூன்று பேரும் ஒரே குரலில் முடித்தார்கள்.

வாய் திறக்கத்தான் கூச்சம், எழுதச் சொன்னால் எழுதுவார்கள் என்று நினைத்து ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுபோய் வைத்தார். பெயர் போட வேண்டாம், தான் நடத்தும் பாடத்தில் எது பிடிக்கவில்லை என்று எழுதிப் போட்டால் போதும் என்றார். இருபது சீட்டில் 'எல்லாம் பிடித்திருக்கிறது' என்று இருந்தது. இரண்டில் தீபாவளி விடுமுறை எத்தனை நாள் என்ற கேள்வி இருந்தது. ஒரு சீட்டு வெறுமையாக இருந்தது. அதுதான் இருப்பதிலேயே பெரிய எதிர்ப்பு என்று எண்ணி அதை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குத் திரும்பி மனைவி ராஜினியிடம் சொன்னபோது அவள் இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தாள்.

"நீங்க சரியாவே பேசிக்கிட்டிருந்தா எப்படி எதிர்ப்பாங்க? தப்பா பேசுங்க. யாருக்காவது பொறுக்காம வாய் திறக்கும்லா."

அது நல்ல யோசனையாகப் பட்டது. திங்கட்கிழமை சின்னதாக ஆரம்பித்தார். நாற்பது அடிக் கொள்கலனில் மூன்று இருபது அடிக் கொள்கலன்களின் சரக்கு கொள்ளும் என்றார். சொல்லிவிட்டு ஜீவனைப் பார்த்தார். ஜீவனின் அப்பா பண்டமாரானில் கொள்கலன் லோரி ஓட்டுகிறவர். பையன் வாயில் பால் போத்தலோடு அந்த லோரியில் உட்கார்ந்து வளர்ந்தவன். ஜீவன் பேனாவைத் தூக்கினான், யோசித்தான், 'மூன்று' என்று எழுதி அடிக்கோடு போட்டான்.

செவ்வாய்க்கிழமை பொய்யைக் கொஞ்சம் பெரிதாக்கினார். கிள்ளான் ஆறு கடலில் புறப்பட்டுக் கோலாலம்பூர் நோக்கி ஓடுகிறது என்றார். பிறகு பிரவின் மிக மெதுவாக, "சார், காலையில பசியாறிட்டீங்களா?" என்று கேட்டான். பசியாறியாகிவிட்டது என்றார். "நல்லது சார்," என்று உட்கார்ந்தான்.

புதன்கிழமை, பந்திங் ஒரு தீவு, அங்கே சரக்கு அனுப்ப பெரி படகில்தான் ஏற்ற வேண்டும் என்றார். அந்த வகுப்பில் நான்கு பேர் தினமும் பந்திங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள். நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரிக்குக் கட்டணம் எவ்வளவு என்றுகூட ஒருவன் கேட்கவில்லை.

எதிர்ப்பு வளரவில்லை. மரியாதைதான் வளர்ந்தது. வியாழக்கிழமை அவர் வகுப்புக்குள் நுழைவதற்கு முன்பே, தாமரை என்ற அமைதியான பெண் கிழமையையும் தேதியையும் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். படியிறங்கும்போது இரண்டு பேர் முன்னால், இரண்டு பேர் பின்னால் நடந்தார்கள். மாலையில் ஜீவன் கொமுட்டர் ரயில் நிலையம் வரைக்கும் கூடவே வந்தான். "சார், உங்க வீட்டுக்குப் போற ரயில் இந்தப் பக்கம். அந்தப் பக்கம் ஏறிடாதீங்க," என்று சொல்லி, ரயில் கதவு மூடும்வரை கையசைத்துக்கொண்டு நின்றான்.

பதினோரு வருடமாக ஏறும் ரயில். இந்த அளவுக்கு ஆசிரியரைத் தாங்குகிற பிள்ளைகளா எதிர்த்துப் பேசப் போகிறார்கள் என்று வழி நெடுக நினைத்துக்கொண்டே போனார் ஜெயந்திரன்.

"பெரிசா சொல்லுங்க. கேட்டா சும்மா இருக்கவே முடியாத மாதிரி," என்றாள் ராஜினி.

வெள்ளிக்கிழமை குணபூசணி மேடம் கடைசி வரிசையில் படிவத்தோடு உட்கார்ந்தார். பச்சைச் சேலை, மூக்கின் நுனியில் கண்ணாடி. ஜெயந்திரன் பலகையில் உலகப் படத்தை மாட்டினார். அதில் கிள்ளானும் பினாங்கும் ஒரே கரையில், கப்பலில் ஒரு நாள் தூரத்தில் இருந்தன.

"போர்ட் கிள்ளான்ல இருந்து பினாங்குக்குக் கப்பல் போகணும்னா சூயஸ் கால்வாய் வழியாத்தான் போகணும். மூணு வாரம் ஆகும். யாருக்காவது மறுப்பு?"

கடைசி வரிசையில் பேனா மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

ஜெயந்திரன் ஒரு குச்சியை எடுத்து அந்த வழியைப் படத்தில் காட்டினார். இந்தியாவைச் சுற்றி, அரேபியாவைத் தாண்டி, எகிப்துக்குள் நுழைந்து, மறுபக்கம் வெளியே வந்தார். அங்கிருந்து பினாங்குக்கு எப்படித் திரும்புவது என்று அவருக்கே தெரியவில்லை. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்தார். குச்சி பினாங்கைத் தொட்டபோது இருபத்து மூன்று தலைகளும் ஆடின.

"யோசிச்சுப் பாருங்க," என்றார். குரல் கெஞ்சலாக இருந்தது. ஜீவன் எழுந்தான். ஜெயந்திரனுக்கு உயிர் வந்தது.

"சார் சொல்றது கரெக்ட். எங்கப்பாவும் அதேதான் சொன்னாரு."

உட்கார்ந்துவிட்டான். தாமரை பாதி எழுந்தாள், வாயும் பாதி திறந்தது. பிரவின் இருமினான். அவளும் உட்கார்ந்தாள்.

ஜெயந்திரன் கடைசி ஆயுதத்தை எடுத்தார். "நான் சொன்னது தப்பா இருக்கலாம் இல்லையா?"

"இருக்கலாம் சார்," என்றது வகுப்பு.

"அப்ப சரியாவும் இருக்கலாமா?"

"இருக்கலாம் சார்."

மேடம் படிவத்தை மடித்துக்கொண்டு எழுந்தார். ஜெயந்திரன் பின்னாலேயே தாழ்வாரத்துக்கு ஓடினார். எல்லாம் வேண்டுமென்றே சொன்ன பொய், பிள்ளைகளை யோசிக்க வைக்கச் செய்த பயிற்சி என்று விளக்கினார். மேடம் பொறுமையாகக் கேட்டார். ஜெயந்திரன் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்பதைத் தான் நம்புவதாகவும், அதனால்தான் நிலைமை இன்னும் மோசம் என்றும் சொன்னார்.

"மிஸ்டர் ஜெயந்திரன், சூயஸ் கால்வாயையே முழுங்கிட்டாங்க. இத்தனை பேர்ல ஒருத்தருக்காவது சொந்தமா யோசிக்கத் தெரியுதா? இந்த மாசத்தோட முடிச்சுக்கலாம்."

கட்டத்தில் அவர் போட்டிருந்த பூஜ்யம் வட்டமாக, அழகாக இருந்தது.

ஜெயந்திரன் வகுப்புக்குத் திரும்பினார். எல்லாரும் போயிருந்தார்கள். தாமரை மட்டும் உலகப் படத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, வேலை போய்விட்டது என்பதைச் சொன்னார். அந்த வாரம் பொய் சொன்னதையும், அது ஏன் என்பதையும் சொன்னார். கோபப்படக்கூடத் தெம்பு இல்லை.

"நீங்க எல்லாரும் துறைமுகத்துப் பிள்ளைங்க. அத்தனை தப்புல ஒண்ணைக்கூடவா கண்டுபிடிக்க முடியல?"

தாமரை கையிலிருந்த படத்தைக் கீழே வைத்தாள். முகம் வெளுத்திருந்தது.

"திங்கக்கிழமையே கண்டுபிடிச்சிட்டோம் சார், உங்களுக்கு மறதி வியாதி வந்திருக்குன்னு நினைச்சோம். அது மேடத்துக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்னு, மூணு நாளா காண்டீன்ல ஆதாரம் வச்சு சண்டை போட்டு, ஓட்டெடுத்துத்தான் இன்னைக்கு யாரும் வாயத் திறக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணோம்."