மான் வரும் நேரத்தில் டிஸ்க் அழிப்பது பற்றி

அன்புள்ள மைத்துனன் கர்ட்டிஸுக்கு,

உன் அத்தான் நார்பர்ட் எழுதிக்கொண்டது. நானும் உன் அக்கா மார்லிஸும் சுகம். வேட்டைக் குடிசையில் உன் அடுப்பு அணையாமல் எரிகிறதென்றும், கால் விரல்கள் எல்லாம் இன்னும் உன்னிடமே இருக்கின்றன என்றும் நம்புகிறேன். உன் போன் மானுக்காகக் காத்திருக்கும் மரத்து மேடையில் ஏறினால்தான் பேசும், ஏறிவிட்டால் நீ பேச மாட்டாய். ஆகவே ஒரு நாள் ஊருக்கு வந்துவிட்டு நாளைக் காலை அங்கே திரும்பும் பக்கத்து வீட்டு ஹார்லன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். நீ செய்துகொடுத்த அக்காவின் ஸ்டூடியோ கம்ப்யூட்டர் எழுந்திருக்க மாட்டேன் என்றது. கறுப்புத் திரை, அதில் 'சிஸ்டம் கிடைக்கவில்லை' என்று வெள்ளையாக ஒற்றை வரி. ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், 'மான் வேட்டைக்குப் போயிருக்கிறோம்' என்று கதவில் அட்டை தொங்குகிறது. இந்த வாரம் ஊரில் மிச்சம் இருக்கும் ஆண்கள் பாதிரியாரும் இடுப்பு வலிக்காரனான நானும்தான். அந்தப் பெட்டிக்குள் அக்கா எடுத்த கல்யாணப் படங்கள் அத்தனையும் இருக்கின்றன, போன மாதம் நடந்த ராஸ்முசன் வீட்டுக் கல்யாணம் உட்பட. பெண்ணின் அப்பா வெர்ன் அன்றைக்கு உட்காரவே இல்லை, மகளோடு போல்கா ஆடிக்கொண்டே இருந்தார். அப்புறம் முதல் பனி விழுந்த காலையில் வாசலில் பனி அள்ளும் மண்வெட்டியோடு சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சனிக்கிழமை சர்ச்சில் நினைவுக் கூட்டம். அவர் மனைவி டோரத்தி கேட்டது ஒன்றே ஒன்று: அந்த ஆட்டத்தைத் திரையில் காட்ட வேண்டும். அக்கா வாக்குக் கொடுத்துவிட்டாள். கேமரா கார்டையோ அடுத்த கல்யாணத்துக்காக அழித்துவிட்டாள். வேறு நகல் கிடையாது.

நேற்று வெள்ளிக்கிழமை அக்கா சர்ச் சமையலறையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் கொஞ்சம் மந்தமாக இருக்கிறது என்று மட்டும்தான் நான் அவளிடம் சொல்லியிருந்தேன். முதல் தடவை போனில் நீ சொன்னாய்: சின்ன டிஸ்க்கில் சிஸ்டம் இருக்கிறது, அதைத் துடைத்துப் புதிதாகப் போடு, பெரிய டிஸ்க் இரண்டையும் தொடாதே. இவ்வளவு சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். நீ விட்டுப் போன பென் டிரைவைச் செருகிக் கீழ் அறையில் உட்கார்ந்தேன். எங்கே போடட்டும் என்று திரை கேட்டு, மூன்று டிஸ்க்கையும் வரிசையாகக் காட்டியது. பெரியவை இரண்டுக்கும் நேராக 'காலி இடம்' என்று எழுதியிருந்தது. கர்ட்டிஸ், அந்த அறையில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது, நான் ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டேன். மறுபடி உன்னைக் கூப்பிட்டேன்.

"பெரிய டிஸ்க் ரெண்டுலயும் ஒண்ணுமே இல்லங்குதுடா."

"மெதுவா பேசுங்க அத்தான். கீழ கொம்பு மான் ஒண்ணு நிக்குது."

"நான் மெதுவாத்தான் பேசறேன். வெர்ன் எங்கடா?"

"ரெண்டையும் அழிக்க..." என்று நீ குசுகுசுத்தாய். ஒரு வெடிச் சத்தம் கேட்டது. அப்புறம் காற்று.

அழிக்கணுமா, அழிக்கக் கூடாதா? வார்த்தையின் தலை என் காதில் இருக்கிறது, வாலை உன் மான் கொண்டுபோய்விட்டது. மவுஸின் அம்பு சரியாக 'அழி' என்ற பொத்தான் மேலேயே நிற்கிறது. கையை எடுத்து, அந்தக் கையின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். அந்த நேரம் பார்த்துப் பெரிய காப்பிப் பாத்திரம் எடுக்க அக்கா வீட்டுக்கு வந்தாள். சரியாயிடுச்சா என்று மாடிப்படியிலிருந்து கேட்டாள். ஆயிட்டே இருக்கு என்றேன். என் குரலை நானே நம்பவில்லை.

நல்லவேளை, குறி தப்பிய வருத்தத்தில் நீயே கூப்பிட்டாய். போர்டில் இருக்கிற காசு வடிவப் பேட்டரி செத்துவிட்டது, அதனால் இரண்டு டிஸ்க்கும் ஜோடி என்பதையே மெஷின் மறந்துவிட்டது என்றாய். "ஒவ்வொரு படத்தையும் துண்டு துண்டா வெட்டி, பாதி இதுல, பாதி அதுல வெச்சிருக்கேன் அத்தான், வேகத்துக்காக. தனியாப் பாத்தா ரெண்டும் ஒண்ணுமில்ல. அதுக்குப் பேருதான் ரெய்டு." ரெய்டு என்றால் போலீஸ் வரும் என்று நினைத்திருந்தேன். கல்யாணப் படத்தை வேகமாகக் காட்டச் சொல்லி இந்த ஊரில் யார் கேட்டார்கள் என்று கேட்க வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

குளியலறை எடை மெஷினிலிருந்து பேட்டரியைப் பிடுங்கிப் போட்டேன். நீ சொன்ன செட்டிங்ஸ் பக்கத்தில் ரெய்டு என்று மாற்றினேன். உன் பென் டிரைவில் இருந்த டிரைவர் சாஃப்ட்வேரை ஏற்றினேன். திரை யோசித்தது. பெரியவை இரண்டும் மறைந்து ஒன்றாக வந்தன, பக்கத்தில் 'மார்லிஸ் கல்யாணங்கள்' என்ற பெயரோடு. சின்ன டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, பெயரைத் திரும்பத் திரும்பப் படித்து, கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினேன். அது அணைந்து அணைந்து எழுந்தது. ஒவ்வொரு கறுப்புத் திரைக்கும் நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். கடைசியில் படங்களைத் திறந்தால், வெர்ன் அவிழ்த்த டையைத் தோளில் போட்டுக்கொண்டு, வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி நிற்கிறார். அவரிடம் நான் குட் ஆஃப்டர்நூன் சொன்னேன். இதை யாரிடமும் சொல்லாதே.

இன்று மதியம் சர்ச்சில் நினைவுக் கூட்டத்தில் அதே படம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள் டோரத்தி. "டையை அவிழ்க்கக் கூடாதுன்னு சொல்லித்தான் கட்டிவிட்டேன்," என்றாள். பிறகு சிரித்தாள். அப்புறம்தான் மற்றவர்கள் அழுதார்கள்.

ஆகவே நீ இதற்காக வேட்டையை விட்டு வர வேண்டாம். ரெய்டு விஷயம் எனக்கு முழுவதும் புரிந்துவிட்டது, இனி நானே பார்த்துக்கொள்கிறேன். அக்காவிடம் மூச்சு விடாதே. உனக்கு அசையாமல் நிற்கும் மானும், வழுக்காத ஏணியும், சூடான சூப்பும் கிடைக்க வேண்டுமென்று கடவுளை வேண்டும்,

உன் அத்தான்,
நார்பர்ட்

பி.கு.: தம்பி, இது மார்லிஸ். கவரை ஒட்டச் சொல்லி என்கிட்ட கொடுத்தார், படிச்சுட்டேன். ரெய்டு அவருக்குப் புரிஞ்ச லட்சணம் இது: ஒரு டிஸ்க்கைக் கழட்டிக் கொண்டுபோய் பேங்க் லாக்கர்ல வெக்கப் போறாராம், வீடு தீப்பிடிச்சாலும் பாதிக் கல்யாணமாவது மிஞ்சுமாம். ஸ்க்ரூ டிரைவரைத் தேடிக்கிட்டிருக்கார். அது என் ஏப்ரன் பையில இருக்கு. இப்போ வெண்ணெய்க் கத்தி போதுமான்னு கேக்கறார். மான் கிடக்கட்டும், ஹார்லன் வண்டியைத் திருப்பச் சொல்லி அதுலயே ஏறி வா.