குவாஹாத்திக்குப் போன மாமியார்

ஒத்துக்கொள்கிறேன், எனக்குத் தலைக்கனம் அதிகம். (இப்போதும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.) இருபத்து நாலு வயதில், கல்கத்தா சால்ட் லேக்கில் ஒரு சின்னக் கம்பெனியில், விமானங்களைப் பின்தொடரும் மென்பொருளில் ஒரு பகுதியை முழுசாக நானே எழுதியிருந்தேன். அதே ஊரில், டாக்குரியாவில், எங்கள் வீட்டு மாடிப்படியில் எதிர்ப்பட்ட அத்தனை பேருக்கும் அதை விளக்கியாயிற்று. கீழ்வீட்டு மாஷிமா (வங்காளத்து மாமி) என் செருப்புச் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்திக்கொள்வார்.

உங்களையும் விடப்போவதில்லை. பறக்கிற விமானம் தன் பெயரை மட்டும்தான் சொல்லும். எந்த ஊருக்குப் போகிறது என்று சொல்லாது. பெயர் என்றால், விமானக் கம்பெனிக்கு மூன்றெழுத்து, பின்னால் ஓர் எண். டிக்கெட்டிலோ அதே கம்பெனிக்கு இரண்டெழுத்துதான். இரண்டையும் பொருத்தி, எண்ணைக் கால அட்டவணையில் தேடி, "இந்த ஊரிலிருந்து இந்த ஊருக்கு" என்று திரையில் காட்டுவது என் நிரல்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனோடு இரண்டு தடவை போனில் பேசியிருந்தேன். பிடித்துவிட்டது, ரொம்பவே. இந்த இடம் தட்டிப்போகக் கூடாதே என்று உள்ளுக்குள் உதறல். சனிக்கிழமை பதினொன்றரைக்கு இறங்குகிறோம் என்று விமான எண்ணையும் சொல்லியிருந்தார்கள். அழைத்துவர அப்பா கார் பேசி வைத்திருந்தார்.

நான் சும்மா இருந்தேனா? காலையில் என் நிரலில் எண்ணைத் தட்டிப் பார்த்தேன். "கல்கத்தா – குவாஹாத்தி" என்றது.

"அப்பா! இது இங்கேருந்து கிளம்பற ஃப்ளைட். அவங்க குழப்பிக்கிட்டாங்க. அதே கம்பெனியோட சென்னை ஃப்ளைட் சாயந்திரம் ஆறரைக்குத்தான் வருது."

"பதினொன்றரைன்னு அவங்கம்மாவே சொன்னாங்களேம்மா. எதுக்கும் ஒரு போன் போட்டுக் கேட்டுடறேன்."

"ஐயோ, பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு ஃப்ளைட் நம்பர்கூட சரியா சொல்லத் தெரியலன்னு குத்திக்காட்டற மாதிரி இருக்கும்ப்பா. நானே எழுதினது, தப்பாச் சொல்லாது."

துறைமுகத்தில் முப்பது வருஷம் கப்பல் பார்த்த மனுஷர், பெண் பேச்சை நம்பிக் காரைச் சாயந்திரத்துக்கு மாற்றினார். வாழை இலை வாங்க லேக் மார்க்கெட்டுக்குக் கிளம்பினார். அம்மா சோபா உறைகளைத் துவைத்துப் போட்டாள். நான் தலையில் எண்ணெய் வழிய, முகத்தில் கடலை மாவும் தயிரும் அப்பிக்கொண்டு, ஆறரை மணி விமானத்தைப் பற்றி இன்டர்நெட்டில் ஆராய்ந்துகொண்டிருந்தேன். (அந்தக் காலத்து இன்டர்நெட். அது ஓடினால் வீட்டு போன் வேலை செய்யாது.)

ஒன்றரை மணிக்கு அழைப்பு மணி. அப்பா என்று நினைத்துக் கதவைத் திறந்தேன். பையன், அவர் அம்மா, அப்பா. மூன்று பேரும் பெட்டியோடு வியர்த்து வழிந்துகொண்டு நின்றார்கள்.

"ஒரு மணி நேரம் ஏர்போர்ட் வாசல்ல நின்னோம். போன் பண்ணினா எங்கேஜ்டு. எங்களை வேண்டாம்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமே," என்றார் அந்த அம்மா.

அப்பா இலைக்கட்டோடு படியேறி வந்தார். பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டு, இலையைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினார். "மன்னிச்சுக்கணும். தப்பு என்னுதுதான்" என்றார். என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை.

"அப்பா மேல தப்பே இல்ல. நான்தான் போன்கூடப் பண்ணவிடாம தடுத்தேன்" என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

பையன் டிக்கெட்டை நீட்டினார். எண் அதேதான்! உள்ளே ஓடி அட்டவணையைத் திறந்தேன். அந்த எண்ணுக்கு இரண்டு வரி இருந்தது: சென்னை – கல்கத்தா, கல்கத்தா – குவாஹாத்தி. இங்கே ஆட்களை இறக்கி ஏற்றிக்கொண்டு அதே விமானம் மேலே போகிறது. என் நிரலோ ஓர் எண்ணுக்கு ஒரு வழியைத்தான் வைத்துக்கொள்ளும். இரண்டாவது வரியைப் படித்ததும் முதல் வரியைத் தூக்கிப் போட்டுவிட்டது.

"கண்டுபிடிச்சிட்டேன்!" என்று கத்திக்கொண்டே ஹாலுக்கு ஓடி வந்தேன். காபி டம்ளரைச் சென்னையாகவும் டபராவைக் கல்கத்தாவாகவும் வைத்து, கடலை மாவு உதிர உதிர, பெண் பார்க்க வந்தவர்களுக்குக் கால் மணி நேரம் வகுப்பெடுத்தேன். அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

பையனின் அம்மா வைத்த கண் வாங்காமல் என்னையே பார்த்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"தன்மேல தப்புன்னு தெரிஞ்சதும் இப்படி சந்தோஷமாக் குதிக்கிற பொண்ணை இப்பத்தான் பாக்கறேன்," என்றார். பிறகு மகன் பக்கம் திரும்பி, "முடிச்சிடலாம்டா. தப்பை ஒத்துக்கறவங்க நம்ம வீட்டுல ஒருத்தராவது இருக்கட்டும். உங்கப்பா இருபத்தெட்டு வருஷத்துல ஒண்ணுகூட ஒத்துக்கல" என்றார்.

பையனின் அப்பா அவசரமாக மின்விசிறியைப் பார்த்தார்.

திங்கட்கிழமையே நிரலைத் திருத்தினேன். ஓர் எண்ணுக்கு எத்தனை ஊர் இருந்தாலும், நேரத்தைப் பார்த்து, விமானம் இப்போது எந்தத் துண்டில் பறக்கிறது என்று அதுவே கண்டுபிடிக்கும். அப்புறம் ஒரு தடவைகூட ஏமாந்ததில்லை. (மார்தட்டிக்கொள்கிறேன், கண்டுகொள்ளாதீர்கள்.)

மாமியார் இன்றைக்கும் எனக்கு விமான எண்ணைச் சொல்வதில்லை. விமானத்தை விட்டு இறங்கி டாக்ஸியில் ஏறிய பிறகுதான் போன் வரும். ஆனால் கல்யாண வீடுகளில் கதையை எடுத்துவிடுவார்; வருஷத்துக்கு வருஷம் அது வளர்கிறது. போன மாதம் ஒரு பந்தியில், பக்கத்து இலைக்காரரிடம், "எங்களைக் கல்கத்தாவுல இறங்கவே விடாம குவாஹாத்தி வரைக்கும் கொண்டுபோயிட்டா, எங்க மருமக. உட்கார்ந்த இடத்துலேருந்தே!" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குரலில் இருந்த பெருமையைக் கேட்டுவிட்டு, நான் எதையும் திருத்தாமல் பாயசத்தைக் குடித்தேன்.